பவுனுவின் இடது காது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, அதுவும் லேசுப்பட்ட சிரிப்பில்லை, செம்மங்காட்டுவலசில் நாற்பத்தியெட்டு வீட்டுச் சனமும் வாயில் துண்டையும் முந்தானையையும் திணித்துக்கொண்டு வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. அதை இப்போதே அவிழ்த்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது, நாக்கு நமநமவென்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாடு சாக வேண்டும், ஒரு கடிதம் வர வேண்டும், ஒரு வேன் வந்து வாசலில் நிற்கிறேன் என்று மிரட்ட வேண்டும். பொறுங்கள்.

செத்தது பவுனு. சரசாள் வீட்டுச் செவலைக் கலப்பின மாடு, வேளைக்கு ஏழு லிட்டர் கறக்கிற மாடு, ஆடி மாதத்தில் மழையில்லாமல் வாடி விஷமேறி நின்ற இளஞ்சோளத்தை வேலி தாண்டிப் போய் நாலு வாய் மேய்ந்தது, தள்ளாடி வந்து தன் தண்ணித்தொட்டி ஓரத்தில் படுத்தது, டாக்டரின் வண்டி ஊர் எல்லையில் ஹாரன் அடிக்கும்போது கண்ணை நிலைக்க விட்டுவிட்டது. சரசாளின் புருசன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போய் ஒன்பது மாதம். அவர் அனுப்புவது மளிகைக் கடைக்குப் பத்தும், பவுனு கறப்பதுதான் மற்றதற்கெல்லாம். மற்றது என்றால் முக்கியமாக சாருமதி, பதினோராம் வகுப்பு படிக்கிற ஒரே மகள்.

சாருவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வாய் ஒன்று, குரல் ஊரிலுள்ள அத்தனையும். கண்டக்டர் குரலில் விசில் கொடுத்து நின்ற பஸ்ஸை ஆளில்லாமல் கிளப்பிவிட்டிருக்கிறாள். தலைமையாசிரியை குரலில் "ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் வீட்டுக்குச் செல்லலாம்" என்று சன்னலுக்கு வெளியே நின்று சொல்லி, ஒன்பதாம் வகுப்பே வீட்டுக்குப் போய்விட, அதற்கு ஒரு வாரம் வெயிலில் நின்றிருக்கிறாள். பவுனு மாதிரி கத்தினால் பவுனுவே திரும்பிப் பார்க்கும், யாரடி அவள் என்கிற மாதிரி.

மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. காதில் மஞ்சள் வில்லை மாட்டி நம்பர் போட்டிருந்தார்கள். மாடு செத்தால் அந்த வில்லையைக் காதோடு அறுத்துக் கொண்டுவந்து ஆபீசில் கொடுக்க வேண்டும், வில்லை இல்லையென்றால் பணம் இல்லை, அதுதான் கம்பெனிச் சட்டம். சரசாளுக்குக் கை வரவில்லை. அவள் அண்ணன், பால் சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி, கண்ணை மூடிக்கொண்டு அறுத்தார். உப்புத் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈரோட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், சரசாள் அதை கம்பெனி மேசையில் வைத்தாள், வைத்துவிட்டு ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புரட்டாசியில் பதில் வந்தது. சாரு அதைக் கம்பெனிக் குரலில், மூக்கால், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்: "தங்கள் பாலிசியின்படி அடையாள வில்லை வலது காதில் இருத்தல் வேண்டும். தாங்கள் சமர்ப்பித்துள்ளது இடது காது என ஆய்வில் தெரியவருவதால், இது காப்பீடு செய்யப்பட்ட பசு அல்ல எனக் கருதி, தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

"வில்லை நம்பர் ஒண்ணாத்தானே கண்ணு இருக்குது?" என்றாள் சரசாள்.

"நம்பர் ஒண்ணுதாம்மா. காதுதான் வேறயாம்."

"அது பவுனு காதுடி. எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலமே, மோப்பம் பிடித்தவன் மாதிரி, நூல்மில் ஏஜென்டு கதிர்வேலு வந்தான். சாருவை வேலைக்கு அனுப்பினால் மில்லில் தங்க இடம், மூன்று வேளைச் சோறு, மூன்று வருசம் கழித்து மொத்தமாக ஒரு தொகை. சரசாள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள், குனிந்துகொண்டே சரி என்றாள். தீபாவளி கழிந்து இரண்டாவது புதன்கிழமை வேன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பியதும் சாரு அவன் குரலிலேயே, "மூணு வேளைச் சோறு அம்மிணி, மூணு வேளையும் ஒரே சோறு" என்றாள். சரசாள் சிரிக்கவில்லை. சாருவும்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இனி எதற்கு இது என்று சரசாள் பவுனுவின் சிமெண்டுத் தொட்டியைக் கவிழ்க்கப் போனபோது, அடியில் பாசி பிடித்துக் கிடந்த ஒரு சாண் தண்ணீருக்குள்ளிருந்து ஓர் ஆம்பிளைக் குரல், "ஜெரால்டு, டீ சொல்லுப்பா, சக்கரை இல்லாம" என்றது.

சரசாள் தொட்டியை விட்டுவிட்டு, "ஏனுங், ஆருங்?" என்றாள்.

குரல் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. காது கேட்கும், பேசுமா? அது பாட்டுக்கு நாற்காலி கிரீச்சிடுவதையும், மின்விசிறி லொடலொடப்பதையும், ஜெரால்டு என்கிற கிளார்க்குப் பையன் டீக்கடைக்கு போன் செய்வதையும், கிளெய்ம் மேனேஜர் வைத்தீஸ்வரன் கொட்டாவி விடுவதையும் ஒன்று விடாமல் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பாஸ் ஆன ஃபைல்கள் கோயமுத்தூருக்குப் போய்விடும், தள்ளுபடி ஆன ஃபைல்கள் வைத்தீஸ்வரன் நாற்காலிக்குப் பின்னால் அலமாரி மேல் கிடக்கும், பவுனுவின் இடது காது அங்கே உப்புக்குள் விறைத்துக்கொண்டு படுத்திருந்தது. கம்பெனி ஒழுங்காகப் பணம் கொடுத்திருந்தால் அதற்கு இந்த வேலையே இல்லை.

மத்தியானத்துக்குள் ஊரே தொட்டியைச் சுற்றி நின்றது. தெய்வசிகாமணி பால் சோதிக்கிற கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், தண்ணிதான், கலப்படம் இல்லை என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி மஞ்சள் பூசலாமா என்று யோசித்தார், உள்ளேயிருந்து யாரோ டி.ஏ. அரியர் எப்போது வரும் என்று கேட்டதும், இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லை என்று போய்விட்டார். அதன்பிறகு ஏன் எப்படி என்று கேட்டவர் யாருமில்லை, மற்ற வேலை இருந்தது: நிலக்கடலை உரிக்க வேண்டிய பெண்கள் கடலையைத் தொட்டிக்கரைக்குக் கொண்டுவந்து உரித்தார்கள், பத்து மணிக்கு ஆபீஸ் திறந்தால் இங்கே பாய் விரிந்தது, ஒன்றிலிருந்து இரண்டு வரை அங்கே சாப்பாட்டு நேரமென்றால் இங்கேயும் சாப்பாட்டு நேரம், இரண்டாவது சனிக்கிழமை வந்தால் ஊருக்குப் பொழுதே போகவில்லை. வெயிலில் தண்ணீர் வற்றினால் குரல் கம்முகிறது என்று கண்டுபிடித்து, முறை வைத்து ஆளுக்கு ஒரு குடம் ஊற்றினார்கள்.

ஜெரால்டு அதே கட்டடத்தில் மாடியில் வேலை பார்க்கும் ஹேமா என்ற பெண்ணுக்குத் தினமும் போன் பேசினான். அவன் பேசுவது மட்டும் கேட்கும், அவள் பேசுவது கேட்காது; அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து, நாச்சிமுத்துக் கவுண்டரும் அவர் சம்சாரமும் மூன்று நாள் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

சாருவுக்கு அது பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது. சாயங்காலம் ஓடிவந்து பையை வீசிவிட்டு, ஐந்து மணிவரைக்கும் தொட்டி விளிம்பில் தாடையை ஊன்றிக் கேட்டாள். வைத்தீஸ்வரனின் தொண்டைச் செருமல், ஜெரால்டின் "ஓகே சார், ஓகே சார், ஓகே", எல்லாம் ஒரு வாரத்தில் வாய்க்கு வந்தது. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது வாரத்தில் மூன்று நாள் ஸ்பீக்கர் போனில் வருகிற ஒரு குரல்: சென்னையிலிருந்து ரீஜனல் மேனேஜர் அனுராதா மேடம். கத்தியை எலுமிச்சையில் இறக்குகிற மாதிரிக் குரல். "வைத்தி, கேக்குதா?" என்றுதான் தொடங்கும். அந்த நேரத்தில் வைத்தீஸ்வரன் எழுந்து நிற்பது நாற்காலிச் சத்தத்திலேயே தெரியும்.

ஒரு வியாழக்கிழமை சரசாள் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது தொட்டி சொன்னது:

"சார், இந்தச் செம்மங்காட்டுவலசு கேஸ், அந்தம்மா மறுபடியும் மனுப் போட்டிருக்காங்க."

"எந்தம்மா?"

"இடது காது, சார்."

"ஓ, அதுவா." செருமல். "நம்ம டாக்டர் மாட்டுக்கு எதிர்ல நின்னுக்கிட்டு ஃபாரம் எழுதியிருக்கான்ப்பா. அவன் கைக்கு வலது, மாட்டுக்கு இடது. நம்ம தப்புதான்."

"அப்ப பாஸ் பண்ணிடலாங்களா சார்?"

"லூசாப்பா நீ? இந்தக் குவார்ட்டர்ல பன்னெண்டு தள்ளுபடி காட்டணும், இது பதினொண்ணாவது. அந்தம்மா என்ன கோர்ட்டுக்கா போகப்போறா? டீ வந்துச்சா பாரு."

தொட்டிக்கரையில் ஒரு கடலை உடையவில்லை. சரசாள் மடியிலிருந்த தொலியெல்லாம் கீழே கொட்ட எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் தொட்டியை மூன்று சுற்று சுற்றி வந்து, மறுபடியும் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சே பண்றானுங்க," என்றாள். "பாவி. தெரிஞ்சேதான்."

தெய்வசிகாமணி அந்த ராத்திரியே போலீசுக்கு எழுதலாம் என்றார். என்னவென்று எழுதுவது? தண்ணித்தொட்டி சாட்சி சொல்கிறது என்றா? கலெக்டருக்கு எழுதலாம் என்றார் ஒருவர். எழுதினால் ஆபீசர் வருவார், தொட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றார் இன்னொருவர். அங்கேதான் சங்கடம் தலைநீட்டியது. கேஸ் பாஸ் ஆனால் காது கோயமுத்தூருக்குப் போய்விடும், தொட்டி வெறும் தொட்டியாகிவிடும் என்பது ஒவ்வொருவராக எல்லோருக்கும் உறைத்தது.

"அவசரம் ஒண்ணுமில்லையே சரசு," என்றார் நாச்சிமுத்துக் கவுண்டர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "அந்த ஜெரால்டு பையன் ஞாயித்துக்கிழமை பொண்ணு ஊட்டுக்குப் போறானாம். என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு..."

"என்ற புள்ள மில்லுக்குப் போனா பரவால்லீங்களா மாமா?"

"நான் அப்படிச் சொல்லுவனா அம்மிணி? ஒரு வாரம்..."

"அடுத்த வாரம் வேன் வருதுங்க."

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் சம்சாரம் மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவரிடம் பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை தொட்டியில் அனுராதா மேடம், தான் நாலு நாள் காசிக்குப் போவதாகவும், அங்கே யாரும் தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும், தேவைப்பட்டால் தானே ஏதாவது ஒரு நம்பரிலிருந்து கூப்பிடுவதாகவும் சொன்னார். சாரு நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"வேண்டாம் சாரு," என்றாள் சரசாள், மகள் வாயைத் திறக்கும் முன்பே. "பொய் சொல்லி வாங்குற காசு வேண்டாம்."

"நான் என்னம்மா பொய் சொல்லப்போறேன்? அவரு வாயால சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்றேன். குரல்தான் வேற."

சரசாள் கடலை முறத்தை ஒதுக்கி வைத்தாள். "சத்தமாப் பேசாத. அந்தம்மா அடங்கித்தான் பேசுவாங்க," என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு சாருவுக்கு வயிற்றுவலி. பதினொன்றேகாலுக்கு, டீ குடித்து முடித்த நேரம் பார்த்து, தொழுவத்தின் வாசலில் தெய்வசிகாமணியின் செல்போனோடு நின்றாள். பத்தடி தள்ளித் தொட்டியைச் சுற்றி ஊர். யாராவது சிரித்தால் பால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவேன் என்று தெய்வசிகாமணி சொல்லியிருந்தார், ஆகவே எல்லார் வாயிலும் ஏதோ ஒரு துணி.

"வைத்தி, கேக்குதா?"

தொட்டியில் நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்துவிட்டார். நாச்சிமுத்துக் கவுண்டரின் தோள் குலுங்கியது, துண்டு இன்னும் நாலு விரற்கடை உள்ளே போனது.

"சொல்லுங்க மேடம்! காசியில நல்ல தரிசனமா மேடம்?"

"என் தரிசனம் இருக்கட்டும். செம்மங்காட்டுவலசு ஃபைல் என்ன ஆச்சு?"

போனில் மௌனம். ஆனால் தொட்டியில் மௌனமில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வைத்தீஸ்வரன் கிசுகிசுத்தார்: "ஜெரால்டு, குரல் ஒரு மாதிரி சின்னப்புள்ள குரலா இருக்குப்பா. மேடம்தானா?"

சரசாள் கையை ஆட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சாரு போனை விலக்கி இரண்டு முறை இருமினாள்.

"கங்கைல முங்கினதுல சளி புடிச்சிருக்கு வைத்தி. குரலே எனக்கு வேற யாரோ குரல் மாதிரி இருக்கு. பதில் சொல்லு. டாக்டர் மாட்டுக்கு எதிர்ல நின்னு எழுதினது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தொட்டியில் ஏதோ விழுந்து உடைந்தது. டீ கிளாஸ்.

"மே... மேடம், அது எப்படி உங்களுக்கு..."

"அவன் கைக்கு வலது, மாட்டுக்கு இடது. நம்ம தப்பு. கோர்ட்டுக்கா போகப்போறான்னு நெனச்சியோ?"

"ஜெரால்டு," என்று தொட்டி அழுதது, "நீ போட்டுக் குடுத்தியாடா?" "ஐயோ, சத்தியமா இல்ல சார்!"

"கையெடு வைத்தி, ரிசீவர்மேல இருந்து," என்றாள் சாரு. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அது அவளாகப் போட்டது. "இன்னைக்கே பாஸ் பண்ணு. நம்ம தப்புன்னு உன் கையால எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு, செவ்வாய்க்கிழமை நீயே அந்த ஊருக்குப் போய் எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் குடு. அப்புறம் அலமாரி மேல கிடக்கிற மத்த பத்தையும் எடு. ஒவ்வொண்ணா எனக்குப் பதில் வேணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

போனை வைத்ததும் சரசாள் ஓடிவந்து சாருவைக் கட்டிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கெட்டுப்போய்விடும் என்று எல்லோருக்கும் பட்டது. அன்று முழுவதும் வைத்தீஸ்வரன் அந்தக் கடிதத்தை எழுதினார், அடித்தார், ஜெரால்டுக்கு வாசித்துக் காட்டினார், மறுபடி எழுதினார். பதினொரு முறை வாசித்ததில் தொட்டிக்கரையில் இருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

மறுநாள் காலையில் சரசாளின் போனில் வங்கிக் குறுஞ்செய்தி வந்தது. அவள் அதை மூன்று பேரிடம் காட்டி உறுதி செய்துகொண்டாள். பிறகு ஏஜென்டு கதிர்வேலுக்குப் போன் போட்டு, புதன்கிழமை வேன் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

தெய்வசிகாமணி கணக்குப் போட்டு வைத்திருந்தார்: காது இன்னும் கோயமுத்தூருக்குக் கிளம்பவில்லை, ஆபீசில் சாப்பாட்டு நேரமான ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வைத்தீஸ்வரனை வரவழைத்து வாசித்து அனுப்பிவிட்டால் தொட்டி சும்மா இருக்கும். ஆனால் பயந்த மனுசன் பன்னிரண்டுக்கே காரில் வந்து இறங்கிவிட்டார். வெளியே வெயில், நிழல் தொழுவத்தில்தான், நாற்காலியை எடுத்துக்கொண்டு அவரே போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பெண்கள் பாய்ந்து தொட்டிமேல் நாலு கோணிச்சாக்கை விரித்தார்கள். கோயில் ரேடியோ செட்டில் அம்மன் பாட்டு அலறியது. சக்கரை இல்லாத டீ கேட்காமலே வந்தது. மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒரு பாட்டி விசாரித்தாள். வைத்தீஸ்வரனுக்கு மனசு நெகிழ்ந்தது.

"நல்ல சனங்களா இருக்கீங்களேம்மா," என்றார். "பாட்டை நிறுத்துங்க, லெட்டரை வாசிச்சுடறேன்."

பாட்டு நின்றது. எழுந்து, செருமி, வாசித்தார். "மேற்படி பசுவின் அடையாள வில்லை குறித்துப் படிவத்தில் நேர்ந்த பிழை, எங்கள் நிறுவன மருத்துவருடையதே ஆகும்..." இரண்டாவது வரியில் நிமிர்ந்தபோது நாச்சிமுத்துக் கவுண்டரின் உதடு தன்னோடு சேர்ந்து அசைவதைப் பார்த்தார். மூன்றாவது வரியில் கவுண்டர் அரை வார்த்தை முந்திப் போனார். வைத்தீஸ்வரன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வேகமாக முடித்து, கடிதத்தைச் சரசாள் கையில் கொடுத்தார். சரசாள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போது சாக்குக்குள் போன் அடித்தது.

"வணக்கம் மேடம்," என்றது ஜெரால்டின் குரல், கோணிக்குள்ளிருந்து. "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காருங்க மேடம். நீங்கதானே மேடம் அனுப்பினீங்க?"

வைத்தீஸ்வரன் சுற்றும் பார்த்தார். யாரும் அசையவில்லை. முந்தானைகள் வாய்க்குப் போயின.

"நானா? நான் காசியில இருந்து இப்பத்தான் வந்து இறங்கறேன்," என்றது ஸ்பீக்கரில் கத்தி இறங்குகிற குரல். "வைத்தியை யார் அனுப்பினது?"

வைத்தீஸ்வரன் மெல்லக் குனிந்தார். முதல் சாக்கை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். சாரு பல்லைக் கடித்துக்கொண்டாள். பணம் வந்தாயிற்று, கடிதம் அம்மாவிடம் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அது விக்கல் மாதிரி அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சில் முட்டி, தொண்டையில் நமநமத்து,

"நான்தான் அனுப்பினேன் வைத்தி. கேக்குதா?"

என்று வெளியே வந்துவிட்டது.

அவர் திரும்பினார். இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையும் போட்ட பெண்ணைப் பார்த்தார். தண்ணீருக்குள் "ஹலோ? ஹலோ?" என்ற தொட்டியைப் பார்த்தார். வாயில் துணியோடு கண் பிதுங்கி நிற்கும் நாற்பத்தியெட்டு வீட்டுச் சனத்தைப் பார்த்தார், கையிலிருந்த சக்கரை இல்லாத டீயைப் பார்த்தார். அந்த அறையில், அந்த நாற்காலியில், கதவைச் சாத்திக்கொண்டு, மேடத்தைப் பற்றி, மாமியாரைப் பற்றி, தன்னைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருக்கிறோம் என்பது காலிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி அவர் முகத்தில் ஏறியது. சரசாள் பக்கம் சாய்ந்து, தொட்டிக்குக் கேட்டுவிடாதபடி, மிகமிக மெதுவாகக் கேட்டார்:

"எத்தனை நாளாம்மா?"

"புரட்டாசியில இருந்துங்க," என்றாள் சரசாள். "உங்க மாமியா கண்ணு ஆபரேசனுக்கு வந்து எறங்குன அன்னைக்கு."

முதல் துணி நாச்சிமுத்துக் கவுண்டரின் வாயிலிருந்து விழுந்தது.